எட்டிப் பிடித்தலும் நிலைத்து நிற்றலும்: பேயர்ன் மியூனிக்கும் அதன் போட்டியாளர்களும்

1. கேள்வி

2001-02 சீசன் முதல் 2011-12 சீசன் வரையிலான 11 ஆண்டுகளில், ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லீகாவை ஐந்து அணிகள் வென்றன. பேயர்ன் மியூனிக் 5 முறை, டார்ட்மண்ட் 3 முறை, பிரேமன், ஸ்டுட்கார்ட், வோல்ஃப்ஸ்பர்க் ஆகியவை தலா ஒரு முறை. அடுத்த 11 ஆண்டுகளில், 2012-13 முதல் 2022-23 வரை, கோப்பை பேயர்னைத் தவிர வேறு யார் கைக்கும் போகவில்லை.

அதற்கு முந்தைய அரை நூற்றாண்டிலும் ஜெர்மனியின் மிகப்பெரிய அணி பேயர்ன்தான். ஆனாலும் அது தொடர்ந்து மூன்று பட்டங்களுக்கு மேல் வென்றதில்லை. 1970களில் பெக்கன்பவரும் கெர்டு முல்லரும் உச்சத்தில் இருந்தபோதே சிறு நகரத்து அணியான மன்ஷன்கிளாட்பாக் 1970 முதல் 1977 வரை ஐந்து பட்டங்களைப் பறித்தது. இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிய மறு ஆண்டே கைசர்ஸ்லாட்டர்ன் 1998இல் சாம்பியன் ஆனது. பெரிய அணி ஒன்று இருப்பது பழைய செய்தி. அதை யாராலும் தொட முடியாமல் போனதுதான் புதிய செய்தி.

2023-24இல் பேயர் லெவர்குசன் ஒரு லீக் போட்டியிலும் தோற்காமல் அந்தத் தொடரை முறித்தது. அடுத்த ஆண்டே பட்டம் மியூனிக்குக்குத் திரும்பியது. ஆதிக்க அணியைப் போட்டி அணிகள் எப்படி எதிர்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தே விடை தருகின்றன. ஓர் அணி உச்சியை எட்டிப் பிடிப்பதற்குத் தேவையானவை வேறு, அங்கே நிலைத்து நிற்பதற்குத் தேவையானவை வேறு. முதலாவது பெரும்பாலும் கிளப்பின் திறமையைப் பொறுத்தது. இரண்டாவதைக் கிளப் மட்டும் சாதிக்க முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. வழக்கமான விளக்கங்கள்

பேயர்னின் ஆதிக்கத்துக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது வருமானம். பேயர்னின் ஆண்டு வருமானம் 70 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. அடுத்த இடத்தில் இருக்கும் டார்ட்மண்ட் அதில் சுமார் அறுபது சதவீதத்தைத்தான் ஈட்டுகிறது. மற்றவை இன்னும் பின்னால். ஆடிடாஸ், ஆடி, அலியான்ஸ் ஆகிய மூன்று பெருநிறுவனங்கள் பேயர்னில் சிறுபங்கு வைத்திருக்கின்றன. 2005இல் திறக்கப்பட்ட 75,000 பேர் கொள்ளும் மைதானம் அதற்குச் சொந்தம்.

இரண்டாவது ஐரோப்பியப் பணம். சாம்பியன்ஸ் லீக்கில் ஆண்டுதோறும் ஆடும் அணிக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கிடைக்கிறது. அந்தத் தொகை அதை மறுபடியும் சாம்பியன்ஸ் லீக்குக்கே கொண்டுபோகிறது. 2018 முதல் 2024 வரை அந்தப் போட்டியின் பரிசுப் பணத்தில் 30 சதவீதம், கடந்த பத்தாண்டு ஐரோப்பியச் சாதனைகளின் தரவரிசைப்படி பங்கிடப்பட்டது. நேற்று வென்றவனுக்கு இன்றும் கூலி தரும் ஏற்பாடு அது.

மூன்றாவது ‘50+1’ விதி. 1998இல் வந்த இந்த விதிப்படி, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். வெளி முதலாளி ஒருவர் கிளப்பை முழுவதுமாக வாங்கிவிட முடியாது. இந்த விதியை நீக்கினால் பணக்கார முதலீட்டாளர்கள் வருவார்கள், பேயர்னுக்குச் சமமான அணிகள் உருவாகும் என்பது விதியை எதிர்க்கும் தரப்பின் வாதம்.

முதல் இரண்டு காரணங்களையும் மறுக்க முடியாது. மூன்றாவது அலசிப் பார்க்க வேண்டியது.

3. பணம் வந்தால் போதுமா?

50+1 விதியிலிருந்து பல ஆண்டுகள் விலக்குப் பெற்றிருந்த அணிகள் மூன்று: பேயர் மருந்து நிறுவனத்தின் லெவர்குசன், வோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க், மென்பொருள் தொழிலதிபர் டீட்மார் ஹோப் வளர்த்த ஹோஃபன்ஹைம். வோல்ஃப்ஸ்பர்க் 2009இல் ஒரு முறையும் லெவர்குசன் 2024இல் ஒரு முறையும் பட்டம் வென்றன. ஹோஃபன்ஹைம் ஒருமுறையும் இல்லை. ரெட் புல் நிறுவனத்தின் ஆதரவில் 2009இல் தோன்றிய லைப்சிக், 2016இல் புண்டஸ்லீகாவுக்குள் நுழைந்து முதல் சீசனிலேயே இரண்டாம் இடம் பிடித்தது. ஜெர்மன் கோப்பையை இரு முறை வென்றது. லீக் பட்டம் மட்டும் அதற்கும் வாய்க்கவில்லை.

முதலீடு எப்படி வீணாகும் என்பதற்குத் தலைநகரமே சாட்சி. தொழிலதிபர் லார்ஸ் வின்ட்ஹார்ஸ்ட் 2019 முதல் ஹெர்த்தா பெர்லினில் 37.4 கோடி யூரோ போட்டார். ‘பெருநகர அணி’ என்ற கனவு பேசப்பட்டது. பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாற்றப்பட்டனர். விலை உயர்ந்த வீரர்கள் வந்தனர். அவர்கள் ஓர் அணியாக மாறவில்லை. 2023இல் ஹெர்த்தா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அதே ஆண்டு அதே நகரத்தின் கிழக்குப் பகுதியில், மிகக் குறைந்த செலவில் இயங்கிய யூனியன் பெர்லின் நான்காம் இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. 2019இல்தான் அது முதன்முதலாகப் புண்டஸ்லீகாவுக்கே வந்திருந்தது.

வெளிநாட்டு அனுபவமும் இந்தத் தரப்புக்குச் சாதகமாக இல்லை. முதலீட்டுக்குக் கதவு திறந்துவைத்திருக்கும் இங்கிலாந்தில் 2018 முதல் 2024 வரையிலான ஏழு பட்டங்களில் ஆறை மான்செஸ்டர் சிட்டி வென்றது. பிரான்சில் கத்தார் பணம் 2011இல் பாரிஸ் அணிக்கு வந்தபின், மோன்பெலியே, மொனாக்கோ, லில் ஆகியவை எப்போதோ ஒரு முறை குறுக்கிட்டதைத் தவிர, பட்டம் பாரிசை விட்டு நகரவில்லை. வெளிப்பணம் சமநிலையைக் கொண்டுவரும் என்பதற்கு உறுதி இல்லை. பல நேரங்களில் அது ஆதிக்க அணி எது என்பதை மட்டுமே மாற்றுகிறது.

4. டார்ட்மண்ட்: எட்டிப் பிடித்த அணி

2005இல் டார்ட்மண்ட் திவாலின் விளிம்பில் நின்றது. அதன் நெருக்கடிக் காலத்தில் 20 லட்சம் யூரோ கடன் கொடுத்து உதவியதே பேயர்ன்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், யூர்கன் கிளாப் பயிற்சியாளராக வந்தார்.

பெரிய விலைக்கு வீரர்களை வாங்க வழியில்லை என்பதால் கிளாப் ஆட்டமுறையில் முதலீடு செய்தார். பந்தை இழந்த நொடியிலேயே, எதிரணி நிதானிக்கும் முன், இருவர் மூவராகப் பாய்ந்து அதை மீட்கும் முறை அது. இளம் கால்கள் இல்லாமல் அதை 90 நிமிடம் ஆட முடியாது. எனவே மலிவான, இளைய வீரர்களைத் தேடுவது வறுமையின் கட்டாயமாக மட்டும் இல்லாமல் ஆட்டமுறையின் தேவையாகவும் ஆனது. ஜப்பானின் ஒசாக்காவிலிருந்து ஷின்ஜி ககாவா வெறும் 3.5 லட்சம் யூரோவுக்கு வந்தார். போலந்தின் போஸ்னான் நகரத்து அணியிலிருந்து ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி வந்தார். மரியோ கோட்சே சொந்த இளைஞர் அணியில் வளர்ந்தவர். 2011இல் பட்டம். 2012இல் 81 புள்ளிகளோடு மீண்டும் பட்டம். அதே ஆண்டு ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்னை 5-2 என நொறுக்கியது டார்ட்மண்ட்.

அந்தத் தோல்விக்குப் பேயர்ன் கொடுத்த பதில் இந்த வரலாற்றின் திருப்புமுனை. 2012 கோடையில் 4 கோடி யூரோ கொடுத்து ஹாவி மார்ட்டினஸை வாங்கியது. 2002இல் பயிற்சியாளராக டார்ட்மண்டுக்குப் பட்டம் வென்று கொடுத்த மத்தியாஸ் சாமரை விளையாட்டு நிர்வாகியாக அமர்த்தியது. பந்தை இழந்தவுடன் பாயும் எதிரியின் முறையைத் தானும் கற்றது. 2012-13இல் 91 புள்ளி. இரண்டாம் இடத்தில் டார்ட்மண்ட் 66 புள்ளி. 2013 மே 25 அன்று வெம்பிளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 89ஆம் நிமிடத்தில் ராபன் அடித்த கோலால் டார்ட்மண்டை 2-1 என வென்றது.

கூடவே எதிரியின் அணியைப் பிரித்தெடுத்தது. கோட்சேயின் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்த 3.7 கோடி யூரோவைக் கட்டி 2013இல் அவரைக் கொண்டுபோனது. அந்தச் செய்தி வெளியானது டார்ட்மண்ட் ரியால் மாட்ரிட்டுடன் அரையிறுதி ஆடவிருந்ததற்கு முந்தைய நாள். லெவன்டோவ்ஸ்கி ஒப்பந்தம் முடிந்து 2014இல் ஒரு யூரோ கூடத் தராமல் பேயர்னுக்குப் போனார். பின்னர் பேயர்னுக்காக ஒரே சீசனில் 41 கோல் அடித்து, கெர்டு முல்லரின் 49 ஆண்டுச் சாதனையை உடைத்தார். நாற்றங்கால் டார்ட்மண்டிலும் அறுவடை மியூனிக்கிலும் நடந்தது. 2015 பிப்ரவரியில் டார்ட்மண்ட் பட்டியலின் கடைசியில் கிடந்தது. அந்த சீசன் முடிவில் கிளாப் விலகினார்.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். டார்ட்மண்டின் வீரர்களைப் பறித்தது பேயர்ன் மட்டுமல்ல. ஷாஹின் ரியால் மாட்ரிட்டுக்கும் ககாவா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போனார்கள். 2016இல், 78 புள்ளி எடுத்தும் இரண்டாம் இடத்தோடு நின்ற அணியிலிருந்து ஹும்மல்ஸ் பேயர்னுக்கும், குண்டோகன் மான்செஸ்டர் சிட்டிக்கும், ம்கிதர்யான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஒரே கோடையில் கிளம்பினார்கள். தற்காப்பு, நடுக்களம், தாக்குதல் மூன்றின் முதுகெலும்பும் ஒரு சேரப் போனபின் எந்தப் பயிற்சியாளரும் மறுபடி அடித்தளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5. பேயர்ன் தடுமாறிய ஆண்டுகள்

பேயர்ன் எப்போதும் வெல்ல முடியாத பலத்தோடு இருந்தது என்பது முழு உண்மை ஆகாது. குறைந்தது இரண்டு முறை அது கதவைத் திறந்துவிட்டது.

2018 டிசம்பரில் டார்ட்மண்ட் பேயர்னைவிட 9 புள்ளி முன்னிலையில் இருந்தது. அதன்பின் ஹோஃபன்ஹைமுக்கு எதிராக 3-0 என முன்னணியில் இருந்து 3-3 என விட்டது. ஏப்ரலில் மியூனிக்கில் 0-5 எனத் தோற்றது. அதே மாதம் சொந்த மண்ணில், கீழ்ப்பாதியில் தத்தளித்த ஷால்கவிடம் இரண்டு சிவப்பு அட்டைகளோடு 2-4 எனத் தோற்றது. முடிவில் வித்தியாசம் 2 புள்ளி.

2023 இன்னும் கசப்பானது. மே 27 அன்று, கடைசிச் சுற்றுக்கு முன், டார்ட்மண்ட் 2 புள்ளி முன்னால் இருந்தது. சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் பட்டம். 15ஆம் நிமிடத்தில் மைன்ஸ் கோல் போட்டது. 19ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை ஹாலர் கோல்கீப்பரிடம் அடித்தார். 24ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோல். 80,000 பேர் நிறைந்த மைதானம் உறைந்தது. டார்ட்மண்ட் தட்டுத்தடுமாறி 2-2 எனச் சமன் செய்தபோது நேரம் முடிந்திருந்தது. அதே நேரம் கொலோனில் 89ஆம் நிமிடத்தில் முசியாலா அடித்த கோலால் பேயர்ன் வென்றது. இரு அணிக்கும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பட்டம் மியூனிக்குக்கு. தன் தலைமை நிர்வாகியையும் விளையாட்டு இயக்குநரையும் அன்றே நீக்கும் அளவுக்குக் குழப்பத்தில் இருந்த ஒரு பேயர்னிடம்தான் டார்ட்மண்ட் பட்டத்தை இழந்தது.

இந்த இரண்டு சீசன்களும் காட்டும் பாடம் தெளிவானது. பட்டப் போட்டி பேயர்னுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் மட்டும் முடிவாவதில்லை. மீதி 32 ஆட்டங்களில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. மைன்ஸையும் ஷால்கவையும் தவறாமல் வெல்வதற்குத் தேவை பிரமிப்பூட்டும் தாக்குதலைவிட, பின்தங்கியபோதும் குலையாத ஒழுங்கும் மைதானத்தில் வழிநடத்தும் அனுபவசாலிகளும். இளைஞர்களை வாங்கி வளர்த்து விற்பதையே வணிகமாக்கிக்கொண்ட டார்ட்மண்டில் அதுதான் அருகியது. டெம்பெலே, சாஞ்சோ, ஹாலண்ட், பெல்லிங்காம் என ஒவ்வொருவரும் பக்குவம் அடையும் தருவாயில் விற்கப்பட்டார்கள்.

6. லெவர்குசன்: முறியடித்த அணி

2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பொறுப்பேற்றபோது லெவர்குசன் 18 அணிகளில் 17ஆவது இடத்தில் இருந்தது. முதல்நிலை அணி எதையும் அவர் அதற்கு முன் பயிற்றுவித்ததில்லை. ஆனால் வெறுங்கையோடு தொடங்கவில்லை. கோல்கீப்பர் ஹ்ராடெக்கி, தற்காப்பில் டா, தப்சோபா, நடுக்களத்தில் பலாசியோஸ், ஆண்ட்ரிச், வலது ஓரத்தில் ஃப்ரிம்பாங், இளம் மேதை ஃப்ளோரியன் விர்ட்ஸ் ஆகிய அனைவரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். கொலோனிலிருந்து வந்த விர்ட்ஸ் 17 வயதில் அந்த அணிக்காக அறிமுகமானவர். அணி பல ஆண்டுகளாகப் பொறுமையாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

அலோன்சோ முதலில் தற்காப்பைச் சீர்செய்தார். முதல் சீசனில் ஆறாம் இடம், யூரோப்பா லீக் அரையிறுதி. 2023 கோடையில் முக்கியத் தாக்குதல் வீரர் டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றது கிளப். வழக்கமாக இங்கேதான் ஓர் அணி சரியும். இந்த முறை வந்த பணம் வேறு விதமாகச் செலவானது. ஆர்சனலிலிருந்து கிரானிட் ஷாகா, மன்ஷன்கிளாட்பாக்கிலிருந்து யோனாஸ் ஹோஃப்மன் என 30 வயதை எட்டிய இருவர் வந்தனர். மறுவிற்பனை மதிப்பு இல்லாதவர்கள் என்று பல கிளப்புகள் ஒதுக்கும் வயது அது. இடது ஓரத்துக்கு கிரிமால்டோ பென்ஃபிகாவிலிருந்து இலவசமாக வந்தார். முன்களத்துக்கு பெல்ஜியத்திலிருந்து போனிஃபேஸ் வந்தார். இளமைக்குச் சமமாக அனுபவத்தை வைத்ததுதான் இந்தக் கட்டமைப்பின் சூட்சுமம்.

களத்தில் மூன்று மையத் தற்காப்பாளர்கள். இரு ஓரங்களிலும் ஃப்ரிம்பாங்கும் கிரிமால்டோவும் தற்காப்பாளர்களாகத் தொடங்கித் தாக்குபவர்களாக முடிந்தார்கள். குறுகிய பாஸ்களால் எதிரணியை ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் திறப்பது அவர்களின் முறை. ஆனால் அதற்கே அடிமையாகவில்லை. 2024 பிப்ரவரி 10 அன்று பேயர்ன் வந்தபோது, அலோன்சோ பந்தைப் பெரும்பாலும் எதிரியிடமே விட்டார். மையத்தை அடைத்து, கிடைத்த இடைவெளியில் வேகமாகப் பாய்ந்தார்கள். முதல் கோலை அடித்தவர் ஸ்டானிஷிச். பேயர்னே லெவர்குசனுக்கு ஓராண்டு இரவல் கொடுத்திருந்த வீரர். இரண்டாவது கிரிமால்டோவுடையது. ஆட்டத்தின் கடைசித் தருணத்தில் பேயர்னின் கோல்கீப்பர் நொயர் கார்னருக்காக முன்னே வந்துவிட, காலியான வலைக்குள் ஃப்ரிம்பாங் நெடுந்தூரத்திலிருந்து பந்தைச் செலுத்தினார். 3-0.

மற்ற 32 ஆட்டங்களின் கதை இன்னும் முக்கியம். நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் லெவர்குசன் திரும்பத் திரும்பத் தோல்வியிலிருந்து மீண்டது. டார்ட்மண்டுக்கு எதிராக 97ஆம் நிமிடம் ஸ்டானிஷிச், அடுத்த வாரம் ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக 96ஆம் நிமிடம் ஆண்ட்ரிச். இத்தனை முறை நடந்ததை அதிர்ஷ்டம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஆட்டம் கைவிட்டுப் போகும்போதும் பதற்றத்தில் பந்தை உயரே தூக்கி அடிக்காமல், தன் முறையிலேயே கடைசி வரை ஆடும் அணியால்தான் அது முடியும். ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 என வென்று, ஐந்து சுற்று மீதமிருக்கும்போதே பட்டம் உறுதியானது. 28 வெற்றி, 6 சமநிலை, 90 புள்ளி, தோல்வி இல்லை. ஐந்து முறை இரண்டாம் இடத்தில் நின்று கேலிப் பெயர் வாங்கிய கிளப்புக்கு 1904இல் தொடங்கப்பட்டதிலிருந்து அதுவே முதல் லீக் பட்டம்.

பேயர்னின் தடுமாற்றமும் உதவியது என்ற எதிர்வாதம் உண்டு. அந்த ஆண்டு ஹாரி கேன் 36 கோல் அடித்தும் பேயர்ன் 72 புள்ளியோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது உண்மை. ஆனால் 90 புள்ளி என்பது, பேயர்ன் தொடர்ந்து வென்ற 11 ஆண்டுகளில் 2012-13இலும் 2013-14இலும் தவிர மற்ற எல்லா ஆண்டுகளிலும் பட்டம் வெல்லப் போதுமான எண்ணிக்கை. லெவர்குசன் பிறர் தவறால் மட்டும் வெல்லவில்லை.

7. இரண்டாம் ஆண்டின் சோதனை

2024 மார்ச்சில் லிவர்பூலும் பேயர்னும் அலோன்சோவை நாடுவதாகப் பேச்சு எழுந்தபோது, லெவர்குசனிலேயே தொடர்வதாக அவர் அறிவித்தார். விர்ட்ஸும் தங்கினார். எட்டிப் பிடித்த அணி கலையாமல் மறு ஆண்டும் களமிறங்கியது அபூர்வமான வாய்ப்பு. ஆனால் 2024-25இல் 3 தோல்விதான் என்றாலும் 12 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. 69 புள்ளி. வின்சென்ட் கொம்பனி பயிற்றுவித்த பேயர்ன் 82 புள்ளியோடு மீண்டது.

2025 கோடையில் எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. அலோன்சோ ரியால் மாட்ரிட்டுக்கு. விர்ட்ஸும் ஃப்ரிம்பாங்கும் லிவர்பூலுக்கு. ஷாகா சண்டர்லாண்டுக்கு. டா ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பேயர்னுக்கு. புதிய பயிற்சியாளராக வந்த எரிக் டென் ஹாக் இரண்டே லீக் ஆட்டங்களில் நீக்கப்பட்டார். 2016இல் டார்ட்மண்டுக்கு நேர்ந்தது, ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நகரத்தில் நேர்ந்தது.

இத்தாலி வேறு வழியில் போனது. யுவென்டஸ் 2012 முதல் 2020 வரை தொடர்ந்து 9 பட்டங்கள் வென்றது. அது சரிந்தபின் இன்டர், மிலான், நாப்போலி என மூன்று அணிகள் மாறி மாறி வென்றன. அங்கே ஆதிக்க அணிக்கு அடுத்த நிலையில் பெரும் ரசிகர் கூட்டமும் வரலாறும் கொண்ட பல அணிகள் இருந்தன. ஒன்று கலைந்தால் இன்னொன்று எழுந்தது. ஜெர்மனியில் அந்த இரண்டாம் வரிசை மெலிந்துவிட்டது. ஹாம்பர்க் 2018இல் வரலாற்றில் முதன்முறையாக இறங்கியது. 2018இல் இரண்டாம் இடம் பிடித்த ஷால்க 2021இல் இறங்கியது. இரண்டும் தவறான நிர்வாகத்தாலும் கடனாலும் தாமே தேடிக்கொண்ட வீழ்ச்சிகள். ஆதிக்கத்துக்குப் பேயர்னின் பலம் பாதிக் காரணம் என்றால் இந்தப் பெரிய கிளப்புகளின் சீர்கேடு மீதிக் காரணம்.

8. லீக் செய்யக்கூடியது

லீக் நிர்வாகம் இதுவரை ஆராய்ந்த வழிகள் இரண்டு. 2022இல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டோனாட்டா ஹோப்ஃபன், பட்டத்தை முடிவுசெய்ய பிளே-ஆஃப் முறையைப் பற்றிப் பேசலாம் என்றார். அது பரபரப்பைக் கூட்டலாம். ஆனால் 34 ஆட்டங்களில் நிரூபித்த தகுதியை ஓரிரு ஆட்டங்களுக்குப் பணயம் வைப்பது வலிமை வித்தியாசத்தைக் குறைக்காது, மறைக்கும். 2023 டிசம்பரில் ஊடக உரிமை வருமானத்தின் ஒரு பகுதியை முதலீட்டாளருக்கு விற்க, இரு டிவிஷன்களின் 36 கிளப்புகளில் 24 வாக்களித்தன. ரசிகர்கள் வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது: வரும் பணம் எப்படிப் பங்கிடப்படும் என்பதைத் தொடாமல் மொத்தத்தை மட்டும் கூட்டினால் இடைவெளி குறையாது.

தொட வேண்டியது பங்கீட்டைத்தான். உள்நாட்டுத் தொலைக்காட்சி வருமானத்தில் சமமாகப் பிரிக்கப்படும் பகுதியை உயர்த்துவது ஒன்று. ஐரோப்பியப் போட்டிகளில் கிடைக்கும் பெருந்தொகையில் ஒரு பங்கை லீக்கின் மற்ற அணிகளுக்குத் திருப்பிவிடுவது இன்னொன்று. இவை லெவர்குசன்களை உருவாக்காது. உருவான லெவர்குசன் மறு கோடையில் கலையாமல் இருக்கக் கொஞ்சம் தாங்கு பலம் தரும்.

9. முடிவு

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் போட்டி அணிகளுக்கான வழி ஓரளவு துலங்குகிறது. பேயர்னின் செலவை எட்ட முயன்ற ஹெர்த்தா வீழ்ந்தது. தனக்கென்று ஓர் ஆட்டமுறையை வகுத்து அதற்கேற்ற வீரர்களைத் தேடிய டார்ட்மண்டும் லெவர்குசனும் வென்றன. இளம் திறமையோடு அனுபவத்தைச் சேர்த்து, எளிய எதிரிகளிடம் புள்ளி விடாத அணி எட்டிப் பிடித்தது. ஒப்பந்தங்களைக் கடைசி ஆண்டு வரை இழுத்த கிளப்புகள் லெவன்டோவ்ஸ்கியையும் டாவையும் ஏறக்குறைய இலவசமாக அதே எதிரியிடம் பறிகொடுத்தன. தலைமை வீரரின் ஒப்பந்தத்தை இரண்டாண்டு மீதமிருக்கும்போதே நீட்டிப்பதும், முடியாவிட்டால் விற்று மாற்று வீரரை முன்கூட்டியே தேடுவதும் எந்தக் கிளப்பும் நாளையே தொடங்கக்கூடிய வேலை.

நிலைத்து நிற்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. அதற்கு லீக்கின் வருமானப் பங்கீடும் ஐரோப்பாவின் பரிசுப் பங்கீடும் மாற வேண்டும். 50+1 விதியைக் கைவிடுவதால் அது நடக்காது; உறுப்பினர்களின் உரிமையைக் காத்துக்கொண்டே பங்கீட்டைத் திருத்த முடியும். டார்ட்மண்டும் லெவர்குசனும் தம் பங்கைச் செய்து காட்டிவிட்டன. அடுத்த முடிவை எடுக்க வேண்டியது லீக்கின் 36 கிளப்புகளும் சேர்ந்து அமரும் பொதுக்குழு.